பழைய ஃபைபர் படகும் துருப்பிடித்த டிரெய்லரும்: முதலில் ஈரத்தைத் தேடுங்கள்

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: வேதாரண்யம் பக்கம் 19 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் படகு ஒன்று, இரண்டு சக்கர டிரெய்லரோடு சேர்த்து 45,000 ரூபாய்க்கு வருகிறது. இன்ஜின் கிடையாது. இன்ஜின் மாட்டும் பின்பலகையில் விரிசல்கள் தெரிகின்றன. டிரெய்லர் துருப்பிடித்துக் கிடக்கிறது. இதைச் சரிசெய்து, மீன்பிடித் தொழிலில் இருக்கும் மச்சானோடு சேர்ந்து முத்துப்பேட்டை லகூனில் வலை விட முடியுமா, முடியும் என்றால் வேலையை எங்கிருந்து தொடங்குவது என்பது அவருடைய கேள்வி.

முடியும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் விரிசலும் துருவும் உங்கள் பணத்தை விழுங்கப் போவதில்லை. உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் தங்கிவிட்ட உப்புத் தண்ணீர்தான் விழுங்கும். படகில் அது பின்பலகையின் பிளைவுட்டுக்குள்ளும், படகு மூழ்காமலிருக்க வைக்கும் மிதவை அறைகளின் நுரைக்குள்ளும் இருக்கும். டிரெய்லரில் சக்கரத்தின் நடுவே பேரிங் உட்காரும் ஹப்புக்குள்ளும், பெட்டி வடிவக் குழாயின் உட்புறத்திலும் இருக்கும். விலை பேசுவதற்கு முன்னும், ஃபைபர் இழையை இறுக்கும் பசையான ரெசினின் டப்பாவைத் திறப்பதற்கு முன்னும் ஈரம் எங்கே தங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. இதைச் சரியாகச் செய்தால் மற்ற எல்லாம் கைவேலைதான்.

முதலில் படகின் வயதைக் கேளுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் கட்டுமரங்களும் மர வள்ளங்களும் போன இடத்தில் ஃபைபர் படகுகள் ஆயிரக்கணக்கில் வந்தன. நானும் அந்த அலையில்தான் மர வேலையை விட்டு ஃபைபர் வேலைக்கு வந்தவன். தேவை அதிகம், அவகாசம் குறைவு என்பதால் அன்று புதிது புதிதாகப் பட்டறைகள் முளைத்தன. நன்றாகச் செய்தவர்களும் இருந்தார்கள், மேட் எனும் கண்ணாடி இழை விரிப்பைக் குறைத்து மெல்லியதாகச் செய்தவர்களும் இருந்தார்கள். ஆகவே அந்தக் காலத்துப் படகு என்றால், பக்கச் சுவரில் முழங்காலை வைத்து அழுத்திப் பாருங்கள். நல்ல படகு அசையாது. மெல்லிய படகு தகர டப்பாவைப் போல உள்ளே போய் வெளியே வரும். அப்படிப்பட்ட படகை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. ஓட்டையை அடைக்கலாம், முழுப் படகுக்கும் கனம் ஏற்ற ஆகும் ரெசின் செலவில் வேறு நல்ல படகே கிடைத்துவிடும்.

அடுத்ததாக, 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது இந்தப் படகு எங்கே கிடந்தது என்று கேளுங்கள். அன்று படகுகள் ஒன்றின்மேல் ஒன்று தூக்கி வீசப்பட்டன. அப்படி அடிபட்ட படகில் மேற்பூச்சான ஜெல்கோட்டில், ஒரு புள்ளியிலிருந்து நாலாபுறமும் ஓடும் நட்சத்திர வடிவக் கீறல்கள் இருக்கும். அந்தப் புள்ளிக்கு நேர் உட்புறத்தில் ஃபைபர் வெளுத்துப் போயிருந்தால் இழைகள் முறிந்திருக்கின்றன என்று பொருள். ஒரே திசையில் வரிசையாக ஓடும் கோடுகள் வேறு வகை. அவை அந்த இடம் அலையில் வளைந்து வளைந்து களைத்திருப்பதைக் காட்டும், அங்கே உட்புறம் ஒரு தாங்கு பட்டை கூடுதலாக வைக்க வேண்டும். விற்பவர் புதிதாகப் பெயின்ட் அடித்து வைத்திருந்தால், படகின் முன்பக்கமான அணியத்தின் அடிப்பாகத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

இனிப் பின்பலகை. இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பிளைவுட்டை வைத்துச் செய்த பலகை அது. இன்ஜின் போல்ட் போன துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, வெளித்தோல் பளபளப்பாக இருக்கும்போதே உள்மரம் மக்கிவிடும். சிறு சுத்தியலால் மேலிருந்து கீழாக, நான்கு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான இடத்தில் 'டக் டக்' என்று கூர்மையாகக் கேட்கும். மக்கிய இடத்தில் ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் மந்தமாகக் கேட்கும். சந்தேகப்படும் இடத்தில், உட்புறமிருந்து 6 மில்லிமீட்டர் டிரில்லால் வெளித்தோலைத் தொடாமல் ஒரு துளை போட்டு, டிரில்லில் சுற்றி வரும் தூளை விரலில் எடுத்துப் பாருங்கள். வெளிர்நிறத்தில் உலர்ந்து, மரவாசனையோடு உதிர்ந்தால் பலகை நன்றாக இருக்கிறது. கறுப்பாக, டீத்தூள் சக்கையைப் போல் விரலில் ஒட்டிக்கொண்டு, அடைபட்ட சாக்கடையின் புளித்த வாடை அடித்தால் பலகையை முழுக்க மாற்ற வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் விரிசல்களை வைத்துப் பார்த்தால், இரண்டாவது வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

மிதவை அறைகளுக்கு இன்னொரு சோதனை உண்டு. நம் ஊரில் அது சுலபம். நெல் மூட்டை லாரிகளை எடை போடும் எடை மேடை உங்கள் பக்கத்திலேயே இருக்கும். படகை வாங்கிக் கொண்டுவரும் அன்றே டிரெய்லரோடு ஏற்றி எடை போட்டுச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். கழுவி, அறைகளைத் திறந்து, ஒரு மாதம் உலர்த்திய பிறகு மறுபடியும் போடுங்கள். இரண்டு சீட்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் தண்ணீர். எடை குறைந்துகொண்டே வருகிறவரை உலர்த்துங்கள். நின்ற பிறகு மேல்வேலையைத் தொடங்குங்கள்.

உலர்த்துவது என்றால் வெயிலில் போடுவது மட்டும் அல்ல. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஆகவே உப்பைக் கழுவாமல் உலர்த்திய படகு பகலில் காய்ந்து, இரவில் மறுபடியும் நனையும். மூன்று நான்கு முறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அதைக்கொண்டு கழுவினால் உப்பைக் கூட்டியதாகும். கொள்ளிடம் கூட்டுக் குடிநீரோ, ஆற்றில் தண்ணீர் வரும் காலத்து வாய்க்கால் தண்ணீரோ நல்லது. பிறகு கீற்றுப் பந்தலின் கீழ், அணியம் சற்றே உயர்ந்திருக்குமாறு வைத்து, வடிதுளையின் தக்கையைக் கழற்றிவிடுங்கள். உலர்ந்துவிட்டதா என்று பார்க்க, ஒரு சதுர அடி பாலிதீன் தாளை அந்த இடத்தில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு பகல் வெயில் படவிடுங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை.

இதில் அவசரப்பட்டு நான் ஒருமுறை பிழை செய்திருக்கிறேன். தொழிலுக்குப் போக வேண்டிய அவசரத்தில் ஒருவர் படகைக் கொண்டுவந்தார். பலகையின் மேற்பரப்பு காய்ந்திருந்தது, உள்ளே காய்ந்ததா என்று பார்க்காமல் மூன்று மேட் வைத்து மூடிக் கொடுத்துவிட்டேன். ஐந்து மாதத்தில் அந்த மூன்று மேட்டும் ஒரே துண்டாக, வாழைப்பட்டை உரிவதுபோல் உரிந்து வந்தது. அடியில் மரம் கசிந்துகொண்டிருந்தது. வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையை மறுபடியும் செய்தேன். நடுக்கடலில் இன்ஜினோடு பலகை கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு நடுங்குகிறது. ஈரம் காயும் வரை வாடிக்கையாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும் ரெசினைத் தொடுவதில்லை என்று அன்றிலிருந்து வைத்திருக்கிறேன்.

பருவத்தைச் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்த பிறகு படகைக் கழுவி உலர்த்தத் தொடங்கி, மாசி முழுவதும் காயவிட்டு, பங்குனியில் ஃபைபர் வேலையைச் செய்வது நம் டெல்டாவுக்குப் பொருந்தும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளெல்லாம் அப்போதுதான் பழுது பார்க்கக் கரையேறும், ஃபைபர் வேலைக்காரர்கள் கிடைப்பது கடினம். அக்னி நட்சத்திர வெயிலில் ரெசின் கையிலேயே இறுகிவிடும் என்பது இன்னொரு காரணம்.

பின்பலகையை மாற்றும்போது வெளித்தோலைத் தொடாதீர்கள். படகின் வடிவத்தைப் பிடித்துவைத்திருப்பது அதுதான். உட்புறத் தோலை, ஓரத்தில் மூன்று விரல் அகலம் விட்டு, கிரைண்டரால் வெட்டி எடுத்து, மக்கிய மரத்தை உளியால் சுரண்டிச் சுத்தமாக்குங்கள். புதிய பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை மட்டும் வாங்குங்கள். வீட்டு அலமாரிக்கு வாங்கும் பிளைவுட்டை வைத்து நூறு இருநூறு மிச்சப்படுத்துவது இந்த வேலையில் செய்யக்கூடாத காரியம். 18 மில்லிமீட்டர்த் துண்டுகள் இரண்டை ஒட்டிச் சேர்த்து, எல்லா ஓரங்களுக்கும் ரெசின் குடிக்கக் கொடுத்து, வெளித்தோலின் உட்புறத்தில் ரெசினில் நனைத்த மேட் ஒன்றை விரித்து, அதன்மேல் பலகையை வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இறுகிய பிறகு உட்புறத்தில் மேட், நெய்த கண்ணாடித் துணியான ரோவிங், மேட் என்று மாற்றி மாற்றி, பக்கச் சுவர்களிலும் அடியிலும் ஒரு சாண் ஏறுமாறு வைத்துக் கட்டுங்கள். இன்ஜின் போல்ட் துளைகளை வேண்டிய அளவைவிடப் பெரிதாகப் போட்டு, ரெசின் பட்டியால் நிரப்பி, காய்ந்தபின் அந்தப் பட்டிக்குள்ளேயே சரியான அளவில் மறுபடி துளையிட்டால், இனித் தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. போல்ட்டுகள் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

படகின் உடம்பில் உள்ள ஓட்டைக்கும் முறிவுக்கும் விதி வேறு. விரிசலின்மேல் குழாய் அடைக்கும் புட்டியைத் தடவிப் பெயின்ட் அடிப்பது விற்பவருக்கு உதவும், ஓட்டுபவருக்கு உதவாது. முறிந்த இழைகளை முழுக்க வெட்டி எடுத்து, ஓட்டையைச் சுற்றி, சுவரின் கனத்தைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும்; 5 மில்லிமீட்டர் கனமான சுவர் என்றால் சுற்றிலும் 60 மில்லிமீட்டர். பழைய ஃபைபரோடு புதிய ரெசின் வேதியியல் முறையில் கலப்பதில்லை, சுரசுரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. ஆகவே இந்தச் சரிவின் பரப்புதான் ஒட்டுக்கு உயிர். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒன்று காய்ந்தபின் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். அந்தக் கணக்கில் எத்தனை மேட் என்று முடிவு செய்யுங்கள். நான் பெரிய துண்டை முதலில் வைத்து, பிறகு சிறியவற்றை வைப்பவன். முதல் துண்டு சரிவு முழுவதையும் ஒரே பிடியாகப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு மேட்டையும் உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழியை வெளியேற்றுங்கள். ரெசின், மேட்டின் எடையைப் போல் இரண்டரை மடங்கு போதும். அதிகம் ஊற்றினால் பலம் கூடுவதில்லை, நொறுங்கும் தன்மைதான் கூடும்.

கலவையில் கவனம் வேண்டும். ரெசினில் முதலில் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை ஊற்றி நன்றாகக் கலக்கி, அதன் பிறகே அதை இறுக வைக்கும் ஹார்டனரை ஊற்ற வேண்டும். இந்த இரண்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக்கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே மூடியால் இரண்டையும் அளப்பதுகூடத் தவறு. ஹார்டனர் ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி வரை; நம் வெயிலில் பத்தை ஒட்டியே நில்லுங்கள், மருந்துக்கடை ஊசிக்குழலால் அளந்து ஊற்றுங்கள். ஒரு தடவைக்கு அரைக்கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். ஆழமான டப்பாவில் விட்டுவைத்தால் தானே சூடேறிப் புகையும். ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகக்கூடும். கண்ணாடி போடாமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். தவறிப் பட்டுவிட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கிரைண்டர் வேலைக்குத் துண்டைக் கட்டிக்கொள்வது போதாது, வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும்.

மிதவை அறைகளில் நனைந்த தெர்மாகோலைக் கண்டால் எடுத்தெறியுங்கள். புதிதாகத் தெர்மாகோலை அடைத்து அதன்மேல் நேராக ரெசினை ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஒரு கரண்டி ரெசின் பட்ட இடத்தில், வெந்நீர் பட்ட சர்க்கரைக் கட்டிபோல் பள்ளம் விழுந்து, மேல்தோலுக்கும் நுரைக்கும் நடுவே வெற்றிடம் உண்டாகும். பஃப் என்று சொல்லும் பாலியூரிதேன் நுரையை வாங்குங்கள். ஒவ்வொரு அறைக்கும் அடியில் ஒரு வடிதுளையும் திருகு மூடியும் வையுங்கள். எவ்வளவு நன்றாக அடைத்தாலும் தண்ணீர் ஒருநாள் உள்ளே போகும். அது வெளியே வரவும் வழி வேண்டும்.

இப்போது டிரெய்லர். பலரும் படகுக்கு ஒரு மாதம் உழைத்துவிட்டு டிரெய்லருக்கு ஒரு டப்பா பெயின்ட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். முத்துப்பேட்டை பக்கத்து ஜாம்புவானோடை போகிற வழியில் சக்கரம் கழன்று ஓடினால் படகோடு சேர்த்து எதிரில் வருபவரின் உயிரும் போகும். படகை முழுக்க இறக்கிவிட்டுத்தான் டிரெய்லரில் கைவையுங்கள். படகு மேலிருக்கும்போது வெல்டிங் வைத்தால் ஃபைபர் எரிந்துவிடும். பெட்டிக் குழாய்களைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உட்புறம் துருத்தின்ற இடத்தில் சுத்தியல் பதியும், சில சமயம் உள்ளேயே போய்விடும். அந்த நீளத்தை வெட்டி மாற்றச் சொல்லுங்கள், மேலே தகடு ஒட்டச் சொல்லாதீர்கள். குழாயின் தாழ்ந்த இடங்களில் விரல் பருமனுக்குத் துளை போட்டுவிட்டால் உள்ளே போன தண்ணீர் வடிந்துவிடும். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, ஜிங்க் பிரைமர் அடித்து, அதன்மேல் எபாக்சி பெயின்ட் அடிப்பது போதும்.

சக்கரங்களில்தான் விஷயம் இருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிக் காதை வைத்துக் கேளுங்கள். மணல் அரைபடும் சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக்கூடாது. எப்படி இருந்தாலும், பழைய டிரெய்லரில் உள் பேரிங், வெளி பேரிங், அவை உட்காரும் கிண்ணங்கள், ஆயில் சீல் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுவதே என் வழக்கம். தண்ணீரைத் தாங்கும் கிரீஸைப் பேரிங்கின் உருளைகளுக்குள் உள்ளங்கையால் அழுத்தி ஏற்றுங்கள். பேரிங்கைப் பிடிக்கும் அச்சு நட்டை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு சற்றே தளர்த்தி, புதிய காட்டர் பின் போடுங்கள்.

ஹப்புக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தொல்லை குறையும். ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும்; உள்ளே இருக்கும் காற்று விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே போய்ச் சேர்ந்ததும் அரைமணி நேரம் நிழலில் நிறுத்துங்கள். அதைவிட நல்லது, சக்கரத்தைத் தண்ணீரில் இறக்காமலே இருப்பது. லகூன் ஓரம் சேறு. டிரெய்லர் இறங்கினால் ஏறாது. கெட்டித் தரையிலேயே நிறுத்திவிட்டு, கடற்கரையில் நம்மவர்கள் செய்வதுபோல் உருளைக்கட்டைகளைப் போட்டு, நான்கு பேர் சேர்ந்து படகை இழுத்து இறக்குங்கள்.

டிரெய்லரில் படகு உட்காரும் விதமும் முக்கியம். அதன் பாரம் அடிக்கட்டையிலும் பின்பலகைக்கு நேர் அடியிலும் தாங்கப்பட வேண்டும். பின்பலகை டிரெய்லருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், குழிக்குக் குழி இன்ஜினின் எடை அடித்து, நீங்கள் மாற்றிய புதுப்பலகையையே அசைத்துவிடும். தாங்கு மரங்களுக்கு மேல் கம்பளம் ஒட்டினால் அது உப்புத் தண்ணீரைத் தேக்கி வைக்கும். ரைஸ் மில்லில் கழித்த ரப்பர் பெல்ட்டை வெட்டி அடித்துக்கொள்ளுங்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, இழுக்கும் வண்டியின் கொக்கியின்மேல் பாரம் விழுமாறு படகை முன்னேயோ பின்னேயோ நகர்த்தி வைக்க வேண்டும். பாரம் பின்பக்கம் சாய்ந்தால், வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல் நெளியும்.

காகிதங்களை விட்டுவிடாதீர்கள். படகின் பதிவு மீன்வளத் துறையில் உங்கள் மச்சான் பெயருக்கு மாற வேண்டும். 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவில்லாத படகில் தொழில் செய்ய முடியாது. டிரெய்லரும் மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டிய வண்டியே. லகூனைச் சுற்றியுள்ள அலையாத்திக்காடு காப்புக்காடு என்பதால், எந்த வாய்க்காலில் போகலாம், எங்கே வலை விடலாம் என்று வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, பின்பலகை முழுவதும், நான்கு பேரிங், இரண்டு டயர் என்று செலவைக் கூட்டி, அதை விற்பவர் கேட்கும் 45,000-இலிருந்து கழித்துவிட்டுப் பேசுங்கள். பதிவுச் சீட்டு இல்லை என்றாலோ, சுவர் முழங்காலுக்கு வளைந்தாலோ பேசாமல் திரும்பி வாருங்கள்.

வேலை முடிந்ததும் படகை மணலில் வைத்து, உள்ளே கணுக்கால் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு விட்டு, வெளிப்புறம் எங்கே ஈரம் பூக்கிறது என்று பாருங்கள். டிரெய்லரின்மேல் வைத்து இதைச் செய்தால் எடை தாங்காது. முதல் பயணத்தில் ஐந்து கிலோமீட்டர் போனதும் வண்டியை நிறுத்தி, இரண்டு ஹப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கைப் பிடிக்கும் அச்சு நட்டு அதிகமாக இறுகியிருக்கிறது, அதை அங்கேயே சற்றே தளர்த்துங்கள். வீல் நட்டுகளையும், அச்சோடு வில்பட்டையைப் பிடிக்கும் யு போல்ட்டுகளையும் அப்போது ஒருமுறையும், ஊர் திரும்பியதும் ஒருமுறையும் இறுக்குங்கள். லகூனிலிருந்து வந்த அன்றே, இருட்டுவதற்குள், தக்கையைக் கழற்றிவிட்டு இரண்டையும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.